கோழி ரெக்கார்டு அட்டை

கையைத் தொடச்சுட்டீங்களா அம்மிணி? ஈரக் கையோட தொடாதீங்க. அதா, அந்தத் துண்டுல நல்லாத் தொடைங்க. டீ டம்ளரை அக்கட்ட ஜன்னல்மேல வெச்சுருங்க. இந்த மேசைமேல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா எனக்குக் கோவம் வந்துரும். மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கறாங்களேன்னெல்லாம் அப்பறம் பாக்க மாட்டேன்.

உங்களுக்கு டீ வந்துச்சே, எனக்கு வந்துச்சா பாத்தீங்களா? வராது. எட்டு மாசமா இப்படித்தான். கொண்டாந்து வெச்சுட்டுப் போனாளே, அவதான் என்ற சம்சாரம் மயிலாத்தாள். சோறு ஆக்குவா, துணி தொவைப்பா, மருந்து எடுத்து வெப்பா. பேச மாட்டா. டீ வேணும்னா நானாக் கேக்கோணும். நான் கேக்க மாட்டேன். முப்பத்தெட்டு வருசம் கேக்காம வந்த டீயை இப்பக் கேட்டு வாங்கிக் குடிக்கற ஆளு நான் இல்ல.

கண்காட்சி வெக்கறோம், உங்க பழைய பாட்டு ரெக்கார்டு மேலுறை அட்டைக வேணும்னு போன்ல சொன்னீங்க. சரின்னேன். ஆனா வாசல்ல செருப்புக் கழட்டும்போதே, "அந்தக் கோழி அட்டை இருக்குதுங்களா"ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே திருப்பி அனுப்பிச்சிருப்பேன். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. என்கிட்ட நூத்தி நாப்பத்திமூணு அட்டை இருக்குது. கரூர்ல ஒரு பேங்க் மேனேஜரு சொந்தமாப் பாட்டுப் பாடி ரெக்கார்டு போட்டாரு, முருகன் பாட்டு. அட்டையில அவரு ஸ்கூட்டர் ஓட்டறாரு, பின் சீட்டுல முருகன் வேலோட ஒக்காந்திருக்கறாரு. அது இருக்குது. 'பத்தே நாளில் தட்டச்சு'ன்னு ஒண்ணு, ரோசாத் தோட்டத்துக்கு நடுவுல டைப்ரைட்டரு, பக்கத்துல ஒரு அம்மா படுத்துட்டுச் சிரிக்குது. பல் டாக்டர் ஒருத்தர் மவுத்தார்கன் வாசிச்ச ரெக்கார்டு, ஆள் ஒசரத்துக்கு ஒரு கடவாப்பல்லு, அதுமேல சாஞ்சு நிக்கறாரு. இதெல்லாம் ஒரு மனுசன் கேக்கறானா? கோழி, கோழி, கோழி.

காட்டறேன். காட்டாம எங்க போகப்போறேன். ஆனா மொதல்ல அந்த அட்டையைத் தேடி வந்த ஒரு அம்மா எனக்குப் பண்ணுன காரியத்தைக் கேட்டுப்போட்டு அப்பறம் பாருங்க. இந்த வீதியில ஆரைக் கேட்டாலும் இந்த அவிநாசியப்பன் மேலதான் தப்புன்னு சொல்லுவாங்க. வீதிமுனை மளிகைக் கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கறான். நடந்தது என்னன்னு ஒருத்தனும் என்கிட்டக் கேக்கல. நீங்கதான் மொத ஆளு. நீங்களும் கேக்கல, நானாத்தான் சொல்றேன்.

நான் ஈரோட்ல ஜவுளி லேபிள் அடிக்கற பிரஸ்ல முப்பத்தோரு வருசம் இருந்தவன். பெட்சீட்டு, லுங்கி, துண்டு, எல்லாத்து மேலயும் ஒட்டி வருமே, மயில் படம், ராணி படம், ரெட்டை யானை படம், அதெல்லாம் நான் அடிச்சது. ஒரு படத்தைப் பாத்தா எந்தக் கலர் எங்க விலகியிருக்குதுன்னு மூணு அடி தூரத்துல இருந்து சொல்லிப்போடுவேன். அதனாலதான் எனக்கு அட்டை. பாட்டு எனக்கு வேண்டாம். பாட்டுக் கேக்கற பொட்டியே இந்த வீட்ல கிடையாது. பழைய பேப்பர் கடைக்குப் போவேன், பவானி, கோபி, சங்ககிரின்னு போவேன், ஒருத்தருக்கும் வேண்டாம்னு கெடக்கற ரெக்கார்டா எடுப்பேன். சினிமா ரெக்கார்டு எடுக்க மாட்டேன், அதுக்கு ஆயிரம் பேரு இருக்கறாங்க. எவனும் கண்டுக்காத அட்டை, எவனோ ஆசைப்பட்டு அடிச்சு, வித்துத் தீராம, மூட்டையில போன அட்டை, அதுதான் நமக்கு.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலை, உள்ள இருக்கற ரெக்கார்டை உருவி வெளிய எடுக்கறது. ஏன்னு கேளுங்க. அது உள்ள இருந்தா அட்டைக்கு ஆகாதுங்க. கனம். ஓரம் பிரிஞ்சுரும். அதுமட்டுமில்ல, வருசக்கணக்கா அடுக்கி வெச்சாங்கன்னா உள்ள இருக்கற தட்டோட விளிம்பு அட்டையில வட்டமா அமுங்கித் தழும்பு விழுந்துரும். நல்ல முகத்துல சூடு போட்ட மாதிரி. அதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அதனால உருவி எடுத்துருவேன். எடுத்ததை என்ன பண்றது? மாடியில அறுபது பூந்தொட்டி இருக்குது. தண்ணி ஊத்தினா தளம் கறை ஆகுதுன்னு மயிலா தெனமும் சொல்லிட்டே இருந்தா. தட்டு வட்டமாத்தானே இருக்குது, தொட்டிக்கு அடியில வெச்சோம். தண்ணி தேங்கக் கூடாதுன்னு ஆணியைக் காய்ச்சி ஒவ்வொண்ணுலயும் மூணு ஓட்டை போட்டேன். வெக்கச் சொன்னது அவ. ஓட்டை போட்டது நான். இதை மனசுல வெச்சுக்குங்க. இப்ப அவ என்னமோ ஒண்ணும் தெரியாதவ மாதிரி இருக்கறா.

சரி, கோழி அட்டைக்கு வர்றேன். அது பவானி பேப்பர் கடையில கெடச்சது. எழுபத்திநாலாம் வருசத்துது. நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவனக் கம்பெனி, இப்ப இல்ல, எப்பவோ மூடிட்டாங்க. பண்ணைக்காரங்களுக்கு இனாமாக் குடுக்கறதுக்குன்னு ஐநூறு ரெக்கார்டு போட்டிருக்கறாங்க. 'கோழி வளர்ப்போம் வாரீர்.' ஆறு பாட்டு. அட்டையில ஒரு பொண்ணு, தாவணி போட்டுட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிட்டு, நெஞ்சோட ஒரு வெள்ளைக் கோழியை அணைச்சுப் புடிச்சுட்டு நிக்குது. அச்சுல சிவப்புக் கலர் ஒரு நூல் அளவு கீழ எறங்கிப்போச்சு. அதனால பொண்ணோட ஒதட்டுச் சாயம் தாவாக்கட்டையில இருக்குது, கோழியோட கொண்டை கோழிக் கண்ணுமேல இருக்குது. ரெண்டும் நம்மள மொறைச்சுப் பாக்குதுங்க. சிரிக்காம இருக்க முடியாது அம்மிணி. நான் வாங்கிட்டு வந்து ஒரு வாரம் தனியா ஒக்காந்து சிரிச்சேன்.

போன வருசம் கடைசியில வீடியோ எடுக்கறவரு ஒருத்தர் வந்தாரு. ஒவ்வொரு அட்டையாக் காட்டி நான் பேசுனேன். கோழி அட்டை வந்ததும் அவரு விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "இதுல பாடுனது இந்தப் பொண்ணுதானுங்களா?"ன்னு கேட்டாரு. அட்டையில 'பாடியவர்: செல்வி கே. கனகாம்புஜம்'னு சின்னதாப் போட்டிருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா எனக்கு இந்தத் தொழில் தெரியும். லேபிள்ல ராணி படம் போடறமே, ராணியா நெய்யறா? அதனால சொன்னேன்: "இது ஆரோ மாடல் பொண்ணுங்க. கோழியைப் புடிக்கறதுக்குக் கூட்டியாந்திருப்பாங்க. பாடுனது வேற ஆராச்சும் இருக்கும். இந்த மூஞ்சிக்குப் பாட்டு வேறயா?" அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அந்த வீடியோவை இருபது லட்சம் பேரு பாத்தாங்க. அந்தப் பொண்ணு படத்தை எடுத்து, தேர்தலுக்கு ஒண்ணு, கிரிக்கெட்டுக்கு ஒண்ணுன்னு எல்லாத்துக்கும் போட்டுச் சிரிச்சாங்க. நாப்பத்தொம்பது வருசமா ஒரு நாயும் சீண்டாத அட்டையை நாடு பூராக் காட்டுனது ஆரு? நான். அதுக்கு எனக்கு என்ன கெடச்சுதுன்னு பாருங்க.

பங்குனி மாசம், ஞாயித்துக்கெழமை, காலையில பத்து மணி இருக்கும். வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. ஒரு அம்மா எறங்குறாங்க. என் வயசு இருக்கும். கையில சென்னிமலைப் போர்வையில சுத்துன ஒரு மூட்டை, சதுரமா இருக்குது. போர்வையோட லேபிள்கூட நான் அடிச்சதுதான், பச்சைக்கிளி. வாசப்படியில நின்னு என்னைப் பாத்து என்னமோ சொல்றாங்க. வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல.

"ஆருங்க?"

மறுபடியும் வாய் அசையுது. காத்து மட்டும் வருது.

"சத்தமாச் சொல்லுங்கம்மா. என்ற காது நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் முனகறீங்க."

அந்தம்மா மூட்டையைக் கீழ வெச்சுட்டு, சேலை முந்தானையைக் கழுத்துல இருந்து எறக்கிக் காட்டுனாங்க. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குத் தழும்பு. தொண்டையில கட்டி வந்து ஆபரேசன் பண்ணியிருக்கறாங்க, நாலு வருசம் ஆச்சு, அதோட கொரல் போச்சு. எனக்கு எப்படித் தெரியும்? சத்தமாப் பேசச் சொன்னதை மயிலா இன்னும் மனசுல வெச்சிருக்கறா. தெரிஞ்சா சொல்லியிருப்பனா?

அப்பறம் போனை எடுத்து, அந்த வீடியோவுல கோழி அட்டை வர்ற எடத்துல நிறுத்தி, அந்தப் பொண்ணுமேல வெரலை வெச்சாங்க. அந்த வெரலை எடுத்துத் தன் நெஞ்சுல வெச்சாங்க.

எனக்குச் சந்தோசம் தாங்கல. நன்றி சொல்ல வந்திருக்கறாங்கன்னு நெனைச்சேன். "மயிலா! மயிலா! கோழியம்மா வந்திருக்கறாங்க பாரு!"ன்னு கத்திட்டு உள்ள ஓடி அட்டையை எடுத்தாந்தேன். மயிலா வந்து அந்தம்மா பக்கத்துல ஒக்காந்துட்டா. வாய்கிட்டக் காதைக் குடுத்துக் கேட்டு, அவங்க சொல்றதை ஒவ்வொண்ணா எனக்குச் சொன்னா. அன்னைக்கு அந்தம்மா பேசுனது பூரா நான் மயிலா கொரல்லதான் கேட்டேன்.

கனகாம்புஜம்தான் அவங்க பேரு. ராசிபுரம். பத்தொம்பது வயசுல பாடுனது. போட்டோ எடுக்கற அன்னைக்கு மெட்ராஸ் ஐ வந்து ரெண்டு கண்ணும் செவந்துபோச்சாம். போட்டோக்காரரு அவரோட கண்ணாடியைக் கழட்டி மாட்டி விட்டாராம். கம்பெனியில ஒரே ஒரு ரெக்கார்டு குடுத்தாங்களாம். கண்ணாலம் ஆகிப் போன வீட்ல எவரோ தெரியாம அதுமேல ஒக்காந்து ஒடச்சுட்டாங்களாம். வேற ரெக்கார்டு கெடைக்கவே இல்லையாம். இதையெல்லாம் சொல்லும்போது அட்டையை மடியில வெச்சுட்டுச் சிரிச்சுட்டுதான் இருந்தாங்க. "தாவாக்கட்டையில சாயம் பூசிட்டாங்க பாருங்க"ன்னு அவங்களே சொன்னாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

அப்பறம் அட்டைக்குள்ள கையை விட்டாங்க.

கையை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தடவிப் பாக்கறாங்க. "பாத்துங்கம்மா, கிழிஞ்சுரும், ஓரம் பிரிஞ்சுரும்"ங்கறேன் நானு. அவங்க கையை வெளிய எடுக்கல. என்னை நிமிந்து பாத்தாங்க.

"ரெக்கார்டு எங்கீங்கன்னு கேக்கறாங்க"ன்னா மயிலா. கேக்கும்போதே அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆகிப்போச்சு.

"ரெக்கார்டா? அது எதுக்கு?"ன்னேன்.

அப்பத்தான் அந்தம்மா போர்வையைப் பிரிச்சாங்க. உள்ள ரெக்கார்டு பாடற பொட்டி. அவங்க ஊர்ல பந்தல் மைக்செட்டுக் கடையில கெடந்ததைக் கேட்டு வாங்கி, பஸ்ல மடியில வெச்சுட்டே ஈரோடு வரைக்கும் வந்திருக்கறாங்க.

விசயம் என்னன்னா, என்ற வீடியோவை அவங்க வீட்லயும் பாத்திருக்கறாங்க. மருமகன் பாத்துட்டு, "ஏனுங்க அத்தை, நீங்க சும்மா கோழியைப் புடிச்சுட்டு நின்னதோட செரியாமே?"ன்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அதைக்கூட விட்டுட்டாங்களாம். பெத்த பொண்ணு பக்கத்துல வந்து ஒக்காந்து, "நெசமா நீதான் பாடுனியாம்மா?"ன்னு கேட்டுதாம். அந்தப் பொண்ணுக்கு நாப்பது வயசு. சமையக்கட்டுல அம்மா பாடிக் கேட்டிருக்குதாம், ஆனா ரெக்கார்டுல பாடுன கதையை அம்மா பெருமைக்குச் சொல்லுதுன்னுதான் நெனைச்சிட்டிருந்துதாம். இனி பாடிக் காட்டவும் முடியாது. அதுக்குத்தான் பொட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கறாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி இங்கயே ஒருக்கா போட்டுக் கேட்டுப்போட்டு, அப்பறம் எரவல் கேக்கலாம்னு.

நான் உள்ளதைச் சொன்னேன். "அதெல்லாம் மாடியில தொட்டிக்கு அடியில இருக்குதுங்கம்மா"ன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருந்தா அந்தம்மா எந்திரிச்சுப் போயிருப்பாங்க, இந்த வீட்ல எனக்கு டீ கெடச்சிருக்கும். உண்மையைச் சொன்னதுக்குத்தான் இத்தனையும்.

அந்தம்மா பொட்டியை வெச்சது வெச்சபடி எந்திரிச்சு, வழி கேக்காமயே மாடிப்படி ஏறுனாங்க. பின்னாலயே மயிலா. பங்குனி வெயில், தளம் தோசைக்கல்லு மாதிரி. செருப்பில்லாமப் போயி ஒரு ஒரு தொட்டியா ஒருத்தி சாய்க்கறா, ஒருத்தி அடியில கையை விட்டுத் தட்டை எடுக்கறாங்க. செம்பருத்தி, மல்லி, கத்தாழை. எடுத்து, மண்ணை முந்தானையில தொடச்சு, நடுவுல ஒட்டியிருக்கற காகிதத்தைப் பாக்கறாங்க. பாதிக்கு மேல காகிதமே இல்ல, தண்ணியில ஊறிப்போச்சு. நான் நெழல்ல நின்னுட்டு, "இப்படி வெயில்ல எதுக்கும்மா, சாயங்காலமா நான் பாத்துச் சொல்றேன்"னு சொன்னேன். காதுல வாங்குனாத்தானே.

நாப்பதாவது தொட்டியோ என்னமோ, கறிவேப்பிலைத் தொட்டி. அதுக்கு அடியில இருந்துச்சு. நடுக்காகிதத்துல பச்சை மையில அரைக்கோழி மிச்சம் இருந்துச்சு, வாலும் ஒரு காலும். அந்தம்மா அதைப் பாத்துட்டு அப்படியே தளத்துல ஒக்காந்துட்டாங்க.

கீழ கொண்டாந்து, மயிலா பாத்திரம் வெளக்கற பஞ்சுல, கொழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி மெதுவாக் கழுவுனா. தட்டு வெயில்ல வளைஞ்சு தாமரை எலை மாதிரி இருக்குது. மூணு ஓட்டை. பொட்டியில வெச்சுச் சுத்த விட்டாங்க. முள்ளு ஏறுது எறங்குது, ஓட்டைக்கு ஓட்டை டொக்கு டொக்குன்னு குதிக்குது. ஒரே எரைச்சல். நடுவுல ஒரே ஒரு எடத்துல, "வெள்..."ன்னு ஒரு கொரலு வந்துச்சு. அவ்வளவுதான். மறுபடியும் டொக்கு. அந்தம்மா முள்ளை எடுத்து மறுபடியும் அதே எடத்துல வெச்சாங்க. "வெள்..." மறுபடியும் எடுத்து வெச்சாங்க. "வெள்..." ஏழெட்டுத் தடவை. எனக்கே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. "போதும்மா, முள்ளு ஒடஞ்சுறப் போகுது, எரவல் பொட்டி"ன்னேன்.

அழுவலைங்க. அழுதிருந்தாக்கூட நான் ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். நான் திட்டு வாங்கறதுக்குத் தயாரா நின்னேன், திட்டவும் இல்ல. பொட்டியைப் போர்வையில சுத்துனாங்க. மயிலா குடுத்த மோரைக் குடிக்கல. "அந்தத் தட்டையும் எடுத்துட்டுப் போங்கம்மா, எனக்கு வேண்டாம்"னு நல்ல மனசோடதான் சொன்னேன். மயிலா அப்பத் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க! அப்பறம் பொட்டியைத் தூக்கித் தன் இடுப்புல வெச்சுட்டு, அந்தம்மா கையைப் புடிச்சுக் கூட்டிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. மூணு மணிக்குத் திரும்பி வந்தா. வந்ததுல இருந்து பேச்சு இல்ல.

பேச்சு என்கிட்டத்தான் இல்ல. போன்ல நாள் பூராப் பேச்சு. ஆருகிட்டன்னு கேக்கறீங்களா? மாட்டாஸ்பத்திரியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, பழைய கோழிப்பண்ணைக்காரங்க, அவங்க மச்சான், மாமன்னு ஒருத்தர் விட்டு ஒருத்தரா நம்பர் வாங்கிக் கேக்கறா. "எழுபத்திநாலுல கோழிப்பாட்டு ரெக்கார்டு இனாமாக் குடுத்தாங்களே, உங்க வீட்ல இருக்குதுங்களா?" இதே பேச்சுத்தான். மூணு மாசம். வாரம் ஒருக்கா ராசிபுரம் போயி அந்தம்மாவைப் பாத்துட்டு வர்றது வேற. எங்கூடக் கண்ணாலம் காச்சிக்கு வரச் சொன்னா முட்டி வலிக்குதுன்னு சொல்றவ.

கெடச்சிருச்சுங்க. திருச்செங்கோடு பக்கம் ஆறுமுகப் படையாச்சின்னு ஒரு பழைய மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரு, எண்பத்தி மூணு வயசு, அவரு பீரோவுல. ரெக்கார்டு ஒரு கீறல் இல்லாம இருக்குது. அட்டையைக் கரையான் தின்னுபோச்சாம். எப்பேர்ப்பட்ட மனுசன் பாருங்க! அட்டையைக் கரையானுக்குக் குடுத்துப்போட்டு ரெக்கார்டைத் துணியில சுத்திக் காப்பாத்தி வெச்சிருக்கறாரு. அவரைத்தான் எல்லாரும் கொண்டாடறாங்க.

அன்னைக்குத்தான் மயிலா மூணு மாசம் கழிச்சு என்கிட்ட வாயைத் தொறந்தா.

"அந்த அட்டையக் குடுங்க. ரெக்கார்டு மொட்டையா இருக்குது."

"வேணும்னா அவங்க வந்து கேக்கட்டும்."

"அவங்க கேக்கல. நான் கேக்கறேன்."

"அப்பக் குடுக்க மாட்டேன்"னேன்.

செரின்னு போயிட்டா. அடுத்த ஞாயித்துக்கெழமை ராசிபுரத்துல அந்தம்மா வீட்ல ரெக்கார்டு போட்டுக் கேக்கறாங்க, அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டிருக்கறாங்க. என்னைக் கூப்பிடல. அவ ஒன்பது மணிக்குக் கெளம்பிப் போனா. நான் பேப்பர் படிச்சேன். ஒரு வரி மண்டையில ஏறல. பத்து மணிக்கு எந்திரிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, கோழி அட்டையை ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வெச்சுக் கட்டி, பஸ் ஏறிட்டேன். மனசு கேக்கலைன்னு நெனைச்சுக்காதீங்க. எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. ரெக்கார்டு இருக்குது, அட்டை இல்ல. நான் போயி நின்னு நீட்டுனா, அத்தனை பேருக்கு முன்னாடி அந்தம்மா கை நீட்டி வாங்கித்தானே ஆகோணும்? கம்பவுண்டரு பாதி கொண்டாந்தாரு, மீதி கொண்டாந்தது நான்.

நான் போகும்போது பாட்டு ஆரம்பிச்சிருச்சு. முன்னறையில முப்பது நாப்பது பேரு. கம்பவுண்டரு மொத நாற்காலியில, தோள்ல பொன்னாடை. எனக்கு நிக்க எடம் வாசல்ல, செருப்புக்கு நடுவுல. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

"கூண்டுக்குள்ளே சுண்ணாம்படி, குஞ்சுக்கு வேணும் கதகதப்படி." இதுதான் பாட்டு. சுண்ணாம்பு அடிக்கச் சொல்ற பாட்டு அம்மிணி அது! அதுக்கு எதுக்கு அப்படி ஒரு கொரலு? நான் பாட்டுக் கேக்கறவன் இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது. பத்தொம்பது வயசுப் பொண்ணு, கூண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறதை, என்னமோ அதுதான் உலகத்துலயே பெரிய விசயம்ங்கற மாதிரிப் பாடுது. ஒரு எடத்துல கூட வெளையாட்டா எடுத்துக்கல. நான் ஒரு வாரம் ஒக்காந்து சிரிச்ச மூஞ்சி அது.

அந்தம்மா பொட்டிக்குப் பக்கத்துல கீழ ஒக்காந்திருந்தாங்க. ஒதடு ரெக்கார்டோட சேந்து அசையுது. மகள் எதிர்த்தாப்புல ஒக்காந்து, அம்மா வாயைப் பாக்குது, பொட்டியைப் பாக்குது, மறுபடியும் வாயைப் பாக்குது. வாயசைக்கறது ஆரு வேணாலும் பண்ணலாம். ஆனா ரெக்கார்டுல அந்தப் பொண்ணு மூச்சு எடுக்குது பாருங்க, சர்ருன்னு சின்னதா, கேட்டும் கேக்காமயும், அந்த எடத்துல எல்லாம் இந்தம்மாவுக்குத் தோள்பட்டை ஏறுது. ஒரு எடம் தவறல. நாப்பத்தொம்பது வருசம் கழிச்சும். பாடுனவங்களுக்குத்தான் அது தெரியும். மகள் எந்திரிச்சு வந்து அம்மா மடியில தலையைக் கவுத்துட்டுது. மருமகன் எந்திரிச்சு வெளிய வந்தாரு, எம் பக்கத்துல நின்னு மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டாரு. வீடியோவுல என்ற கையும் அட்டையுந்தான் வரும், அதனால நான் ஆருன்னு அவருக்குத் தெரியல. நானும் சொல்லல.

ஆறு பாட்டும் முடிஞ்சப்பறம் நான் உள்ள போனேன். கயித்தை அவுத்து, அட்டையை எடுத்து ரெண்டு கையிலயும் வெச்சு நீட்டுனேன். எல்லாரும் பாத்துட்டு இருக்கறாங்க. நான் எதிர்பார்த்த மாதிரியேதான் எல்லாம். அந்தம்மா வாங்கிப் பாத்தாங்க. படத்துல இருக்கற கறுப்புக் கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சாங்க. மகள்கிட்டக் காட்டுனாங்க, அதுவும் சிரிச்சுது. அப்பறம் முந்தானையில அட்டையை ஒருக்கா தொடச்சு, என்ற கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க. வாய் அசைஞ்சுது. நான் குனிஞ்சு காதைக் குடுத்தேன். எனக்குப் புரியல. புரியாத மாதிரி இருந்தேனோ என்னமோ.

மயிலாதான் சொன்னா. "இது உங்களுதுங்களாம். அவங்களுது உள்ள இருந்தது மட்டுந்தானுங்களாம். அது கெடச்சிருச்சாம். நீங்களே வெச்சுக்கோணுமாம்."

அதை அத்தனை சத்தமாச் சொல்லோணும்னு அவளுக்கு என்ன வந்துச்சு? அந்தம்மா ரகசியமாத்தானே சொன்னாங்க?

ரெக்கார்டுக்கு ஒரு பழைய காலண்டர் தாளுல உறை தெச்சு வெச்சிருந்தாங்க அம்மிணி. காலண்டர் தாளு! என்ற அட்டை வேண்டாம், காலண்டர் தாளு போதும். சாப்பிட்டுட்டுப் போங்கன்னு மகள் சொல்லுச்சு. எலை போட்டிருந்தாங்க. நான் நிக்கல. ஒரு மணி பஸ்ஸுக்கு வந்துட்டேன். அட்டையை மடியில வெச்சுட்டே வந்தேன், பக்கத்து சீட்டுக்காரரு எட்டிப் பாத்துச் சிரிச்சாரு. "என்னய்யா சிரிப்பு? பாடத் தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டுப்போட்டேன். பாவம், அவரு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாரு.

அந்த வீடியோக்காரருக்குப் போன் பண்ணி, நான் பேசுனதை எடுத்துருங்கன்னு சொன்னேன். இருபது லட்சம் பேரு பாத்துட்டாங்க, இனி எடுத்து என்னங்க பண்றதுங்கறாரு. அவரோடவும் சண்டை.

இதா, இதுதான் அட்டை. நல்லாப் பாருங்க. சிரிப்பு வருதா? வந்தாச் சிரிச்சுக்குங்க, அந்தம்மாவே சிரிச்சாங்க. நூத்தி நாப்பத்திமூணும் எடுத்துட்டுப் போங்க, இதையும் சேத்து. ஆனா ஒண்ணு. கண்காட்சியில ஒவ்வொண்ணுக்குக் கீழயும் சீட்டு எழுதி ஒட்டுவீங்கல்ல? இதுக்குக் கீழ என்ன எழுதப்போறீங்க? எழுதிக்குங்க, நான் சொல்றேன். பேனா இருக்குதா? 'பாடியவர் கனகாம்புஜம், ராசிபுரம்.' பெரிசா எழுதோணும். அட்டையில போட்ட மாதிரி எறும்பு எழுத்துல போடக் கூடாது. 'படத்தில் இருப்பவரும் அவரே.' அதையும் எழுதுங்க. வேடிக்கையா அது இதுன்னு நீங்களாச் சேத்து எழுதுனதாக் காதுக்கு வந்துச்சுன்னா, அடுத்த பஸ்ல வந்து அத்தனையும் கழட்டிட்டு வந்துருவேன், சொல்லிப்போட்டேன்.

எம்பேரா? எம்பேரு எதுக்கு? வேண்டாம். சேகரிச்சவர்னு போடறது வழக்கம்ங்கறீங்களா? வழக்கம்னா அதுக்குமேல நான் என்ன சொல்றது. போட்டுக்குங்க. அவங்க பேருக்குக் கீழ போடுங்க. சின்ன எழுத்துல.

ரொம்பச் சின்னதாவும் வேண்டாம்.